முதலில் பாட வந்தவர்

(தலைப்பு: நல்ல பாடகரை நமக்கு அடையாளம் காட்டுவது விளம்பரமா? மேடையா? ‘மேடையே’ என்னும் அணியின் நிறைவுரை)

நடுவர் அவர்களே! எதிரே ‘விளம்பரமே’ என்று முழங்கிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சிக்கு முன்னால், கையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “சோப்பு விற்கணும்னாலும் விளம்பரம் வேணும், பாட்டு விற்கணும்னாலும் விளம்பரம் வேணும்” என்றார். ஐயா, சோப்பு கரைஞ்சு போகும். பாட்டு கரையாது. கேட்கிறவனைத்தான் கரைக்கும்! (கைதட்டல்) இரண்டையும் ஒரே கடையில் வைத்து விற்காதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இன்று ஒரு குறிப்பிட்ட வகைப் பாடகரைப் பற்றிப் பேசப் போகிறேன். தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுகிறவர். நம்ம ஊர்ச் சங்கீதத்திலே இப்படிப்பட்டவரை வாக்கேயக்காரர் என்போம். அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாடல் மரபிலே இப்படி ஒரு கூட்டமே உண்டு. அவர்களிடம் வாத்தியக் குழு கிடையாது. பளபளக்கிற உடுப்பு கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கிட்டார். அவ்வளவுதான் முதலீடு!

இப்படிப்பட்ட ஆளை உலகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த நாடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய பாடகர் எட்டரை மணிக்குத்தான் வருவார். ஏழரை மணிக்கு, பெயர் தெரியாத ஒருவரை மேடையில் ஏற்றி அரை மணி நேரம் பாடச் சொல்வார்கள். ‘ஓப்பனிங் ஆக்ட்’ என்று அதற்குப் பெயர். ஜனங்கள் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருப்பார்கள். “என் சீட் எங்கே?” என்று தேடுவார்கள். தின்பண்டம் வாங்கப் போவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் பாட வேண்டும்.

நம்ம ஊரில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. ‘தலைவர் வரும் வரை பேசுபவர்!’ (சிரிப்பு, கைதட்டல்) சிரிக்காதீங்க, நானும் அப்படி இருந்தவன்தான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, 1961-ஆம் ஆண்டுக்குப் போவோம். நியூயார்க் நகரம், கிரீன்விச் வில்லேஜ் என்ற பகுதி. அங்கே ‘கெர்ட்ஸ் ஃபோக் சிட்டி’ என்று ஒரு விடுதி. சாப்பாடும் உண்டு, பாட்டும் உண்டு. மைக் போர்கோ என்ற இத்தாலியக்காரர் நடத்தினார். அந்த ஆண்டு ஜனவரியில், வடக்கே மினசோட்டா மாநிலத்தில் இரும்புச் சுரங்கம் இருக்கிற ஹிப்பிங் என்ற ஊரிலிருந்து ஒரு பையன் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்திருக்கிறான். வயது இருபதுகூட ஆகவில்லை. குரல்? அதைக் கேட்காதீங்க! மணலும் பசையும் கலந்த மாதிரி ஒரு குரல். நம்ம வீட்டுப் பிள்ளை அப்படிப் பாடினால், “தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வெச்சுத் தரேன்டா” என்று அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார்! (சிரிப்பு)

ஏப்ரல் 11 அன்று அந்தப் பையனுக்கு முதல் பெரிய வாய்ப்பு கிடைத்தது. அன்றைக்குப் பெரிய பாடகர் ஜான் லீ ஹூக்கர். புளூஸ் இசையில் மன்னர். அவருக்கு முன்னால் பாடுவதற்கு இந்தப் பையன். இசைக்கலைஞர் சங்க அட்டை இல்லாமல் அங்கே பாட முடியாது. இருபத்தொரு வயது ஆகாதவன் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பெற்றவர்களோ எங்கோ இருக்கிறார்கள். கடை முதலாளி போர்கோ, காப்பாளர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார். எந்த விளம்பரக் கம்பெனிங்க இப்படிக் கையெழுத்துப் போடும்? மேடை வைத்திருக்கிறவன் போட்டான்!

அந்தப் பையன் பெயர் பாப் டிலன்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம். அதே விடுதி. இப்போது பெரிய பெயர் ‘கிரீன்பிரையர் பாய்ஸ்’ என்ற குழுவுக்கு. டிலன் மறுபடியும் முன்னால் பாடுகிறவர்தான். அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் இசை விமர்சகர் ராபர்ட் ஷெல்டன் வந்து உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் 29 அன்று விமர்சனம் வந்தது. தலைப்பிலே யார் பெயர்? முக்கியமான குழுவின் பெயரா? இல்லைங்க! முன்னால் பாடிய பையன் பெயர்! முக்கியமான குழுவுக்குக் கட்டுரையின் வால் பகுதியில் கொஞ்சம் இடம். கல்யாணத்துக்குப் போன நிருபர், மாப்பிள்ளையை விட்டுவிட்டு, வாசலில் சந்தனம் கொடுத்த பையனைப் பற்றி எழுதிய மாதிரி! (பலத்த சிரிப்பு)

உடனே எதிரணித் தோழர் எழுந்து, “பார்த்தீர்களா! பத்திரிகை வந்துவிட்டது. பத்திரிகை விளம்பரம்தானே?” என்று கேட்பார். ஐயா, ஷெல்டன் அந்தப் பையனை எங்கே கண்டார்? மேடையில் கண்டார். சீக்கிரம் வந்து, உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டார். கேட்டதை எழுதினார். அது விளம்பரம் அல்ல, சாட்சி! விளம்பரம் காசு வாங்கிக்கொண்டு பேசும். சாட்சி கண்டதைப் பேசும்.

சரி, வாதத்துக்காக அதை விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன ஆச்சு? அந்த விமர்சனம் வந்து ஐந்து வாரத்தில், நவம்பர் 4 அன்று, கார்னகி சாப்டர் ஹால் என்ற சிறிய அரங்கில் டிலன் தனியாக ஒரு கச்சேரி செய்தார். எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஐம்பது பேர் சொச்சம். நம்ம வீட்டுக் காதுகுத்துக்கே அதைவிட அதிகமாக வருவார்கள்! (சிரிப்பு)

இன்னும் கேளுங்கள். கொலம்பியா என்ற மாபெரும் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. செய்தவர் ஜான் ஹாம்மண்ட். சாதாரண ஆள் இல்லை. பில்லி ஹாலிடே என்ற மாபெரும் பாடகியை உலகுக்குக் காட்டியவர். 1962 மார்ச்சில் முதல் இசைத்தட்டு வந்தது. அதிலே அவர் சொந்தமாக எழுதிய பாட்டு இரண்டே இரண்டு. முதல் ஆண்டில் விற்றது சுமார் 5,000 தட்டுகள். கம்பெனிக்குள்ளேயே அந்தப் பையனுக்கு ‘ஹாம்மண்டின் அசட்டுத்தனம்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். எதிரணியினரே! பெரிய கம்பெனி இருந்தது, பெரிய பத்திரிகைப் பாராட்டு இருந்தது. ஜனங்கள் ஏன் வரவில்லை? பதில் சொல்லுங்கள்! (கைதட்டல்)

பதில் நான் சொல்கிறேன். ஜனங்களிடம் அவரைக் கைபிடித்து அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் வந்தாள். அவள் பெயர் ஜோன் பயஸ்.

டிலனைவிட நாலு மாதம் மூத்தவள். ஆனால் புகழில் எங்கேயோ இருந்தாள். 1962-இலேயே ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் அவள் படம் வந்துவிட்டது. அவள் மட்டும் எப்படி வந்தாள்? 1959-ஆம் ஆண்டு நியூபோர்ட் என்ற ஊரில் நாட்டுப்புறப் பாடல் விழா. பாப் கிப்சன் என்ற பாடகர், தனக்கு ஒதுக்கிய நேரத்தில், பதினெட்டு வயதுப் பெண்ணான இவளைப் பக்கத்தில் அழைத்து, “நீ பாடும்மா” என்று விட்டுக்கொடுத்தார். இரண்டு பாட்டுப் பாடினாள். ஊர் பேசியது. தன் மேடையில் இன்னொருவருக்குப் பங்கு கொடுத்தார் அந்த மனிதர்.

நான் தமிழ் வாத்தியார். இதைப் படிக்கும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பத்துப்பாட்டிலே பாதி ஆற்றுப்படை! பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று நாம் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோன நூல்கள். அவற்றில் என்ன விஷயம்? பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வழியில் பசியோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, “எனக்குக் கிடைச்சுது, நான் கிளம்பறேன்” என்று போகவில்லை. “இந்த வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார், உனக்கும் கிடைக்கும்” என்று வழி சொல்கிறான். கலைஞனுக்குக் கலைஞன் வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வைத்த ஒரே கூட்டம் நாம்தான் என்று நான் பெருமை பேச வரவில்லை. ஆனால் அந்த மனசு எந்த நாட்டில் இருந்தாலும் தமிழனுக்கு அது புரியும்! (நீண்ட கைதட்டல்)

கிப்சன் தனக்குச் செய்ததை, பயஸ் டிலனுக்குச் செய்தாள். 1963 ஆகஸ்டில் தன் கச்சேரிகளுக்கு அவரை அழைத்துப் போனாள். ஆயிரக்கணக்கில் கூட்டம். எல்லாரும் அவள் குரலைக் கேட்கக் காசு கொடுத்து வந்தவர்கள். நடுவில் அவள், “இவரும் பாடுவார்” என்று இந்தக் கலைந்த தலைக்காரரை மேடைக்கு அழைப்பாள். தேன் மாதிரிக் குரலைக் கேட்க வந்தவன் காதில் மணல் விழுந்தால் சும்மா இருப்பானா? சில இடங்களில் கூச்சல் போட்டார்கள். அப்போது அவள் என்ன செய்தாள்? பள்ளிக்கூட டீச்சர் மாதிரி விரலை ஆட்டி, வார்த்தைகளைக் கவனித்துக் கேளுங்கள் என்று கூட்டத்தையே கண்டித்திருக்கிறாள். இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவளே எழுதியிருக்கிறாள்.

நடுவர் அவர்களே, இதை ஒரு விளம்பரப் பலகை செய்யுமா? ‘வாங்குங்கள்’ என்று சொல்லும். ‘உட்காருடா, கேளுடா’ என்று உரிமையோடு சொல்லுமா? (கைதட்டல்) கேட்பவனுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை அவள் அவருக்குக் கடன் கொடுத்தாள்.

அதே மாதம் 28-ஆம் தேதி வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் புகழ்பெற்ற உரையாற்றிய அந்தப் பேரணியில், சுமார் இரண்டரை லட்சம் மக்கள் முன்னால் இருவரும் பாடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐம்பது பேர் சொச்சம்! பிறகு 2016-இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசே வந்தது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒளித்தால் எதிரணி எடுத்துப் போட்டு அடிக்கும்! (சிரிப்பு) 1965-இல் டிலன் இங்கிலாந்துக்குப் பாடப் போனார். பயஸும் கூடப் போனாள். இப்போது அவர் பெரிய ஆள். ஆனால் அவளை ஒரு தடவைகூட மேடைக்கு அழைக்கவில்லை. தன் மேடையில் பாதியைக் கொடுத்தவள், திரைக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினாள். செய்ந்நன்றியறிதல் என்று வள்ளுவர் ஏன் ஒரு தனி அதிகாரம் வைத்தார் என்பது இந்த இடத்தில் புரிகிறது. பத்து வருஷம் கழித்து, 1975-இல், அவருடைய சுற்றுப்பயணத்தில் இருவரும் ஒரே மேடையில் மறுபடி சேர்ந்து பாடினார்கள். அதிலும் பாருங்கள், பிரித்ததும் மேடை, சேர்த்ததும் மேடை!

“அது பழைய காலம், இப்போது நடக்குமா?” என்று கேட்டார் எதிரணித் தங்கை. அம்மா, 1988-க்கு வாங்க. ஜூன் 11, லண்டன், வெம்பிளி மைதானம். நெல்சன் மண்டேலா அப்போது சிறையில் இருக்கிறார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மாபெரும் இசைவிழா. எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பு.

அதிலே டிரேசி சாப்மன் என்று ஒரு கறுப்பினப் பெண். வயது இருபத்து நாலு. அமெரிக்காவில் ஹார்வர்டு சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடியவள். முதல் இசைத்தட்டு வந்து இரண்டே மாதம். பகலில், பெரியவர்களுக்கு இடையே, சில பாட்டுப் பாடிவிட்டு இறங்கிவிட்டாள். அவள் வேலை முடிந்தது.

மாலையில் ஸ்டீவி வொண்டர் பாட வேண்டும். கண்பார்வை இல்லாத இசைமேதை. மேடை ஏறப் போகும் நேரத்தில், அவருடைய கணினி இசைக்கருவிக்கான வட்டு காணவில்லை! அதில்தான் அவர் நிகழ்ச்சிக்கான இசை முழுவதும் இருந்தது. அவர் கண்ணீரோடு திரும்பிப் போய்விட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, மேடை காலி. யாரால் உடனே பாட முடியும்? யாருக்குக் கம்பி வேண்டாம், கருவி வேண்டாம், குழு வேண்டாம்? கிட்டாரோடு நிற்கிற அந்தப் பெண்ணுக்குத்தான்! மறுபடி அவளை அனுப்பினார்கள். தனியாக நின்றாள். வறுமையிலிருந்து தப்பிக்க ஒரு காரை நம்புகிற பெண்ணின் கதையைப் பாட்டாகப் பாடினாள். அந்த வருஷமே அவள் இசைத்தட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள். வொண்டரும் அன்றிரவே திரும்பி வந்து பாடினார், அதுவும் நல்ல மனசு.

இப்போது எதிரணி நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். “பகலில் பாடியதும் அதே பெண், அதே மேடை, அதே தொலைக்காட்சி. அப்போது ஏன் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை? அப்படியானால் மேடையும் போதாது என்றுதானே ஆகிறது?” நல்ல கேள்வி. ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மேடை மட்டும் போதாது. எதிரே காது வேண்டும்! பகலில் வாய் இருந்தது, காது இல்லை. மாலையில் காது இருந்தது. மேடை என்பது வெறும் பலகையும் மைக்கும் இல்லை. பாடுகிறவனும் கேட்கிறவனும் சேர்ந்தால்தான் அதற்கு மேடை என்று பெயர். விளம்பரத்துக்கு வாங்குகிறவன் போதும். மேடைக்குக் கேட்கிறவன் வேண்டும். அந்தக் கேட்கிறவர் யார்? நீங்கள்தான்! (கைதட்டல்)

முன்னே ஒரு கதை சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷம் இருக்கும். நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்துத் திருவிழாவில் பேச அழைத்திருந்தார்கள். போனதும், “சார், தலைவர் வந்துட்டே இருக்கார். அவர் வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டிருங்க” என்றார் விழாக்காரர். ‘ஏதாவது!’ நான் ராத்திரியெல்லாம் விழித்துத் தயார் பண்ணிக்கொண்டு போனது அந்த ‘ஏதாவது’க்குத்தான்! (சிரிப்பு) பாரி வள்ளல் இறந்த பிறகு, அவர் பெற்ற பெண்பிள்ளைகள் இருவரையும் கபிலர் கைபிடித்து ஊர் ஊராக அழைத்துப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் வெடிச்சத்தம். தலைவர் வந்துவிட்டார். என் கையிலிருந்த மைக்கை ஒருவர் மெதுவாக வாங்கிக்கொண்டார். பெண்பிள்ளைகள் நடுவழியிலேயே நின்றுவிட்டார்கள். நானும்தான்.

இனிமேல் மேடையே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, இருட்டில் பஸ்ஸுக்கு நடந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் சுண்டல் கூடையோடு ஒரு பெரியவர். என்னைக் கூப்பிட்டார். “ஏன் தம்பி, அந்தப் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

ஐயா, எனக்கு அப்படியே நெஞ்சு அடைத்துவிட்டது. அத்தனை கூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்! அந்தச் சுண்டல் கூடைக்குப் பக்கத்தில் நின்று, மன்னர்கள் அந்தப் பெண்களை ஏற்க மறுத்ததையும், கபிலர் பட்ட பாட்டையும் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, “பாவம் அந்த வாத்தியார்” என்றார். கபிலரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை! (சிரிப்பு, கைதட்டல்) ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த ஒரு காதுதான் இன்று என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! அடுத்த முறை ஒரு கச்சேரிக்கோ திருவிழாவுக்கோ பள்ளி ஆண்டுவிழாவுக்கோ போகும்போது, அரை மணி முன்னதாகப் போங்கள். பெயர் தெரியாத ஒரு பிள்ளை, கை நடுங்க மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருக்கும். செல்போனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். முடிந்ததும் கையைத் தட்டுங்கள். நாளைக்கு அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை. அன்று ராத்திரி அது அழாமல் வீட்டுக்குப் போகும்.

நடுவர் அவர்களே! நல்ல பாடகரை நமக்குக் காட்டுவது மேடையே, அதிலும் தலைவர் வருவதற்கு முந்திய அந்தச் சின்ன மேடையே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு, என்னைக் கடைசி வரை பேசவிட்டு, மைக்கைப் பிடுங்காத உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)